ஃபங்ஷனல் அனாலிசிஸ்: செயல்பாடா, சார்பா, பயனா?

ஒரு பிள்ளையின் நடத்தை எந்தச் சூழலில், எதற்காக நடக்கிறது என்று கண்டறிவதற்கு ஆங்கிலத்தில் ஃபங்ஷனல் அனாலிசிஸ் என்று பெயர். ஆட்டிசக் குழந்தைகளுக்கான சிகிச்சை அறிக்கைகளைத் தமிழில் எழுதும்போது இதைச் "செயல்பாட்டுப் பகுப்பாய்வு" என்று போட்டுவிடலாம். படிக்கிற அம்மாவுக்கு, ஏதோ மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கழற்றிப் பார்க்கிற வேலை போலத்தான் தோன்றும்.

உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1953இல் இந்தச் சொல்லைக் கணக்குப் பாடத்துப் பொருளில்தான் கையாண்டார். எக்ஸ் மாறினால் ஒய் மாறும், அந்த உறவு. சூழல் மாற நடத்தை மாறுகிறது. நம் பள்ளிக் கணக்கில் இதற்குப் பெயர் "சார்பு", ஆக அவர் சொன்னதற்குச் சரியான தமிழ் சார்புப் பகுப்பாய்வு. செயல்பாடு இதில் எங்குமே இல்லை.

ஆனால் இன்று புழங்கும் பொருள் 1982இல் உளவியலாளர் பிரயன் இவாட்டா குழுவின் ஆய்வுக்குப் பிறகு வேரூன்றியது. தங்களையே அடித்துக்கொள்ளும், கடித்துக்கொள்ளும், வளர்ச்சிக் குறைபாடுள்ள 9 பேரை 15 நிமிட அமர்வுகளில் மாறி மாறி நான்கு சூழல்களில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் அடித்துக்கொண்டால் மட்டும் பெரியவர் பதறி வந்து பேசுவார், இன்னொன்றில் அடித்துக்கொண்டதும் கொடுத்த பாடம் சற்று நேரம் நிற்கும், மூன்றாவதில் தனிமை, நான்காவதில் விளையாட்டும் கவனிப்பும் தாராளமாக. 6 பேருக்கு ஒரு குறிப்பிட்ட சூழலில்தான் தொடர்ந்து அதிகமாக நடந்தது. அதாவது அடியின் மூலம் அவர்களுக்கு ஏதோ கிடைத்துக்கொண்டிருந்தது.

பெற்றோர் கேட்பது "என்ன காரணம்?" என்று. காரணம் என்றதும் நாம் பின்னோக்கித் தேடுவோம், மூளை, பரம்பரை, போன வாரக் காய்ச்சல் என்று. இந்த ஆய்வோ அடித்துக்கொண்ட பிறகு என்ன நடக்கிறது என்று பார்க்கிறது. அதனால் என் கட்சி "பயன்". நடத்தைப் பயனாய்வு என்று சொல்லலாம். பேட்டி, நேரில் கவனித்தல் எல்லாம் சேர்ந்த பெரிய மதிப்பீட்டுக்கு அந்தப் பெயர், சூழலை மாற்றிச் சோதிப்பதற்குச் "சோதனைப் பயனாய்வு". வாய்க்குக் கொஞ்சம் கரடுதான், ஆனால் பொருள் தவறாது.

பயன் தெரியாமல் வைத்தியம் செய்தால் என்ன ஆகும்? கவனிப்புக்காகக் கத்துகிற பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விடுவது உதவலாம். பாடத்திலிருந்து தப்பக் கத்துகிறவனை அப்படி விட்டுப் பாடத்தையும் நிறுத்தினால், கேட்டதைக் கையில் கொடுத்த மாதிரி, நாளைக்கு இன்னும் சத்தமாகக் கத்துவான்.

இந்தச் சோதனையை நடத்தப் பயிற்சி? 2000இல் இவாட்டா குழுவே 11 கல்லூரி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தது. வாசிப்பு, காணொளி, சிறு தேர்வு, பின்னூட்டம், மொத்தம் ஏறக்குறைய 2 மணி நேரம். அமர்வுகளைப் பிழையின்றி நடத்த அது கிட்டத்தட்டப் போதுமானதாக இருந்தது. எந்தச் சூழலைச் சோதிப்பது, காயம் பட ஆரம்பித்தால் எப்போது நிறுத்துவது, ஒவ்வொரு சூழலுக்கும் வரைந்த வரைபடக் கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் எப்படிப் படிப்பது என்பதெல்லாம் வேறு கதை. அனுபவமுள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினால்தான் வரும்.