ஆவின் பாக்கெட்டும் ட்ரிகர் சுவரும்

கோத்தகிரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சித்திரையில் கோயமுத்தூரில் புது ஏர் பிஸ்டல் வாங்கினேன். கடையில் பிடித்துப் பார்த்தபோது கைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கைப்பிடி நெருக்குகிறது, ட்ரிகரும் கனமாகிவிட்டது. பிஸ்டல் கெட்டுவிட்டதா, என் கை கெட்டுவிட்டதா?"

முதலில் ஒரு சோதனை. அரை லிட்டர் ஆவின் பால் பாக்கெட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாலின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்று அதிகம் என்பதால் பாக்கெட் ஏறத்தாழ 515 கிராம் இருக்கும். குழலில் குண்டு இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துவிட்டு, பிஸ்டலைக் காக் செய்து (சுடத் தயாரான நிலைக்கு இழுத்து வைத்து), குழல் வானத்தைப் பார்க்க நிமிர்த்துங்கள். வழவழப்பான கம்பிக் கொக்கியை ட்ரிகரின் நடுவில் மாட்டி, மேஜைமேல் இருக்கும் பையை மெல்லத் தூக்குங்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் ட்ரிகர் குறைந்தது 500 கிராமைத் தாங்கவேண்டும். போட்டிக்கு முன் நடுவர்கள் செய்வதும் இதே சோதனைதான், பாலுக்குப் பதில் சரிபார்த்த எடைக்கல். பை மேலே வந்தும் ட்ரிகர் விழவில்லையா? விதிக்கு உட்பட்ட எடை இருக்கிறது. இப்போது பைக்குள் 10 ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஐந்தாறு நாணயத்துக்குள் டக்கென்று விழுந்துவிட்டால் ட்ரிகர் கனமாகவே இல்லை. விரலுக்குத்தான் கனமாகத் தெரிகிறது.

கட்டுரை இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியதுதான். அதற்கு முன் ஒரு எல்லைக்கோடு: இங்கே சொல்வதெல்லாம் 4.5 மி.மீ. போட்டி ஏர் பிஸ்டலுக்கு. தோட்டா சுடும் கைத்துப்பாக்கியின் ட்ரிகரைத் திறப்பது லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரின் வேலை.

எவ்வளவு நுணுக்கமான விளையாட்டு இது என்பதற்கு ஒரு கணக்கு. பிஸ்டலின் மேல் குறிபார்க்க முன்னும் பின்னும் இருப்பவை முன்குறி, பின்குறி; இரண்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. இலக்கு 10 மீட்டரில், அதாவது முப்பது மடங்கு தூரத்தில். முன்குறி 1 மி.மீ. விலகினால் குண்டு 30 மி.மீ. தள்ளி விழும், பத்து ஏழாகிவிடும். பாரிஸ் 2024-இல் மனு பாக்கர் 221.7 புள்ளியோடு வெண்கலம் வாங்கினார். அவர் வெளியேறிய கட்டத்தில், பின்னர் வெள்ளி வாங்கியவரோடு வித்தியாசம் 0.1 புள்ளி. தாளில் அது 0.8 மி.மீ. குறியில் திருப்பிக் கணக்கிட்டால் 0.03 மி.மீ.கூட இல்லை, ஒரு தலைமுடியின் பருமனில் பாதிக்கும் குறைவு. இந்த அளவில் மரம் உப்புவதும் விரல் விறைப்பதும் சின்ன விஷயமில்லை.

மரத்தை முதலில் பார்ப்போம். போட்டி பிஸ்டலின் கைப்பிடி பெரும்பாலும் வால்நட் மரம். மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 50, 55 சதவீதமாக இருக்கும் இடத்தில் வாரக்கணக்கில் கிடந்த மரத்தில் அதன் எடையில் 10 சதவீதம் தண்ணீர் நிற்கும். ஈரப்பதம் 85-ஐத் தாண்டினால் அது 18 சதவீதத்தைத் தொடும். ஊட்டியும் கூடலூரும் ஆடி மழையில் ஊறும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி கார்த்திகைதான் அடைமழை. வால்நட் நாரின் நீளவாக்கில் அநேகமாக வளர்வதே இல்லை. குறுக்கே, ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் 0.2 முதல் 0.26 சதவீதம் வரை உப்பும். 35 மி.மீ. தடிமனுள்ள கைப்பிடி 10-லிருந்து 18-க்குப் போனால் அரை மி.மீ. முதல் முக்கால் மி.மீ. வரை பருக்கும். ஒரு ராத்திரி மழையில் இது நடக்காது. மூன்று வாரத் தூறலில் நடக்கும்.

இதில் கை வேறு எதிர்த்திசையில் போகிறது. குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி விரல்கள் மெலியும்; மார்கழிக் காலையில் மோதிரம் கழன்று விழுவது அதனால்தான். ஆக உள்ளங்கையின் நடுவில் மரம் முட்டுகிறது, விரல் நுனியில் பிடிமானம் குறைகிறது. பிடி நழுவுகிறதே என்று மூளை, ட்ரிகரை இழுக்கும் ஆள்காட்டி விரலுக்குக் கீழே உள்ள மூன்று விரல்களையும் இறுக்கச் சொல்லும். கெடுதல் அங்கே தொடங்குகிறது. விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் ஒரே கட்டாக இருந்து, தசைநாண்களாகப் பிரிந்து விரல்களுக்குப் போகின்றன. சுண்டுவிரலை மட்டும் மடக்கிப் பாருங்கள், மோதிரவிரல் கேட்காமலே கூட வரும். ஆள்காட்டி விரல் மற்றவற்றைவிடச் சுதந்திரமானதுதான், முழுச் சுதந்திரம் இல்லை. மற்ற மூன்றும் இறுகியிருந்தால் அதன் அசைவும் முரடாகும்.

அதைவிட முக்கியமானது: உப்பிய மரம் ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியைத் தொட்டுவிடும். அந்த விரல் ட்ரிகரைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. விரலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மடித்த போஸ்ட் கார்டு தாராளமாக நுழையவேண்டும். தொட்டால் ட்ரிகரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் தோல் மரத்தில் உரசும். அந்த உரசலைத்தான் "ட்ரிகர் கனமாகிவிட்டது" என்று கை படிக்கிறது. கடிதம் எழுதியவரின் சிக்கலில் பாதி இங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிக்கக் கண்மை போதும். உள்ளங்கையிலும் விரலிடுக்கிலும் மெல்லப் பூசி, வழக்கம்போல் ஒருமுறை பிடித்து, நகர்த்தாமல் விடுங்கள். அடர்த்தியாகக் கறுத்த இடம் மேடு, ஒன்றுமே படாத இடம் பள்ளம். மேட்டை அரைவட்ட அரத்தால் நாலு இழுப்பு, பிறகு 120-ஆம் நம்பர் உப்புத்தாள், மறுபடி மை. பள்ளத்தை எம்-சீல் கொண்டு நிரப்பலாம். அது இறுகும் முன் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பிடித்தால் உங்கள் கை ரேகையோடு அச்சு விழும். ஒரே உட்காரலில் அரை மி.மீ.க்கு மேல் இழைக்காதீர்கள். மரத்தை எடுப்பது சுலபம், திருப்பி ஒட்டுவது எம்-சீல்காரன் பாடு.

பிடி சரியா என்று பார்க்கக் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி இலக்கை நோக்குங்கள். இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். முன்குறி பின்குறியின் பள்ளத்துக்கு நடுவில் நிற்கவேண்டும். தாழ்ந்து நின்றால் கைப்பிடியின் பின்பக்க அடியில், உள்ளங்கையின் குதிகால் படும் இடத்தில் கொஞ்சம் நிரப்புங்கள், மூக்கு நிமிரும். வலக்கைக்காரருக்கு முன்குறி வலப்பக்கம் போனால் கட்டைவிரலின் அடிமேட்டுப் பக்கம் நிரப்புங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கைப்பிடி எந்த விதத்திலும் மணிக்கட்டைத் தாங்கக்கூடாது, முழு பிஸ்டலும் 420 x 200 x 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்கவேண்டும். எம்-சீலை அள்ளி அப்பியவர்கள் அந்த 50-இல்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இனி ட்ரிகர். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக உட்காரலாம்.

போட்டி பிஸ்டலின் ட்ரிகர் இரண்டு கட்டமாக நகரும். முதல் கட்டத்தில் ஒரு சுருள்வில்லை மட்டும் அமுக்குகிறீர்கள். விரல் சில மில்லிமீட்டர் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு ஏதோ ஒன்றில் முட்டி நிற்கும். சுடுபவர்கள் இதைச் சுவர் என்பார்கள். அந்தச் சுவரில் சாய்ந்தபடியே குறியைச் சரிசெய்து, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் விழும். கேள்வி இதுதான்: 500 கிராமை முதல் கட்டத்துக்கும் சுவருக்கும் எப்படிப் பங்கிடுவது?

பதில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. கூடை காலியாக இருக்கும்போது ஒரு கைப்பிடிக் கொழுந்து விழுந்தால் முதுகுக்குத் தெரியும். 15 கிலோ நிறைந்தபின் அதே கைப்பிடி விழுந்தால் தெரியாது. கொழுந்தின் எடை மாறவில்லை. ஏற்கெனவே இருக்கும் சுமையோடு அதற்கிருந்த விகிதம் மாறிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் வேபர் இதைச் சோதித்து விதியாக்கினார்: நம் புலன்கள் வித்தியாசத்தை உணர்வதில்லை, விகிதத்தை உணர்கின்றன. விரல் அழுத்தத்துக்கு அந்த விகிதம் ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம். அதற்குக் கீழே போனால் விரலுக்குக் கண் தெரியாது.

இதை ட்ரிகரில் போட்டுப் பாருங்கள். முதல் கட்டம் 460 கிராம், சுவர் 40 என்று வைத்தால் 40 என்பது 460-இல் 9 சதவீதம்கூட இல்லை. சுவர் இருப்பதே தெரியாமல் விரல் அதைத் தாண்டிவிடும். "நான் சுடவே இல்லை, தானாகப் போய்விட்டது" என்ற புலம்பல் இங்கே பிறக்கிறது. தலைகீழாக 150, 350 என்று வைத்தால் சுவர் நன்றாகத் தெரியும், ஆனால் விரல் தன் அழுத்தத்தை மூன்று மடங்குக்கு மேல் ஏற்றவேண்டும். பிஸ்டலே ஒரு கிலோதான். விரல் நேர் பின்னால் இழுக்காமல் 10 டிகிரி சாய்ந்து இழுத்தால், 350 கிராமில் 60 கிராம் பக்கவாட்டுத் தள்ளலாக மாறும், அதுவும் கடைசி நொடியில். 350, 150-இல் தொடங்குங்கள். சுவர் முதல் கட்டத்தின் 43 சதவீதம், தூக்கத்திலும் தெரியும். சில மாதப் பழக்கத்துக்குப் பிறகு 400, 100-க்குப் போகலாம். அதற்கு மேல் நைசாக்குவது பெருமைக்கு உதவும், புள்ளிக்கு உதவாது.

குளிரின் சதியும் இங்கேதான். தோல் குளிரக் குளிர விரல் நுனியின் அழுத்த உணர்வு மந்தமாகும். சமவெளியில் 10 சதவீதத்தை உணர்ந்த விரல் மலைக்காலையில் உணராது. அதனால் 400, 100 வைத்திருப்பவர்கள் மார்கழியில் 350, 150-க்குத் திரும்புவதே புத்திசாலித்தனம்.

சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? சியர் என்கிற சின்ன எஃகுக் கொக்கி. சுருள்வில்லின் முழு வேகத்தையும் அது மறித்து நிற்கிறது. கதவை வெளியிலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டிருக்கும்போது உள்ளே தாழ்ப்பாளை இழுத்துப் பாருங்கள்: முதலில் அசையாது, பிறகு சட்டென்று நகரும், மறுபடி நிற்கும். நிற்கும்போதுள்ள உராய்வு, நகரும்போதுள்ள உராய்வைவிட அதிகம் என்பதால் வரும் திக்கல் இது. கொக்கிகள் ஒன்றையொன்று கவ்வும் நீளம் அதிகமானால் சுவருக்குப் பிறகும் விரல் திக்கித் திக்கி நகரும். குறைத்தால் சுத்தமாக ஒடியும். அளவுக்கு மீறிக் குறைத்தால் தட்டினாலே விழும், அது ஆபத்து.

திருகும் வரிசை முக்கியம். முதலில் ட்ரிகரை முன்பின் நகர்த்தி, விரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதையின் நடு அதில் படும்படி வையுங்கள். மரம் உப்பிய மாதத்தில் கை பின்னால் தள்ளப்படும், ட்ரிகரையும் அரை மி.மீ. பின்னால் கொண்டுவாருங்கள். அடுத்து முதல் கட்ட எடை, பிறகு சுவர், பிறகு சியர் கவ்வல், கடைசியாக விழுந்தபின் ட்ரிகரை நிறுத்தும் ஸ்க்ரூ. தொடங்கும் முன் ஒவ்வொரு ஸ்க்ரூவின் நிலையையும் வெள்ளை மார்க்கரால் குறியுங்கள். ஆலன் சாவியில் ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். சியரைத் தொட்டபின் காக் செய்து, ரப்பர் சுத்தியலால் பிஸ்டலின் உடம்பில் மெல்லத் தட்டுங்கள். விழுந்தால் அரைச் சுற்று திருப்பி வையுங்கள். நிறுத்தும் ஸ்க்ரூவை முட்டும்வரை முறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள். முறுக்கியபடியே விட்டால் குளிர்ந்த காலையில் ட்ரிகர் விழாமல் அடம்பிடிக்கும். சியரின் முகத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கடினமாக்கிய மேல்தோல் மெல்லியது. அது போனால் அடியிலுள்ள மெத்தென்ற எஃகு நாளுக்கு நாள் தேய்ந்து, சுவர் இன்று ஒரு இடம் நாளை ஒரு இடம் என்று அலையும்.

எண்ணெய் விஷயத்தில் மலைவாசிகளுக்குத் தனி எச்சரிக்கை. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், ஊட்டியில் அது எண்ணெயாக இருக்கும் நேரமே குறைவு. ட்ரிகர் அச்சில் விட்டால் தூசியோடு கலந்து பசையாகும். தையல் மிஷின் எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு அச்சுக்கு ஒரு பொட்டு, போதும். காற்று உருளைப் பக்கம் எந்த எண்ணெயும் போகக்கூடாது. 200 பார் அழுத்தத்தில் காற்றோடு சேர்ந்தால் அது தீப்பிடிக்கலாம். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர்கள் பெட்டிமேல் வைத்துவிடுங்கள். சாமி பெட்டிக்குள்ளேயும் பார்க்கும், குங்குமத் துகள் சியருக்குள் புகுந்தால் அடுத்த பூஜைவரை கரகரக்கும்.

கைப்பிடிகள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று வெளிநாட்டுக் கை அளவில் வருகின்றன. பதக்கத்துக்கு மேடை போட்டுப் பரிசளிக்கும் பணத்தில் ஒரு துளியை நம் பிள்ளைகளின் கையை அளந்து மரம் செதுக்கும் ஒரு பட்டறைக்குக் கொடுத்தால் தேவலை.

கோத்தகிரிக்காரருக்கு: இப்போது அரத்தை எடுக்காதீர்கள். ஐப்பசிக் கைக்கு இழைத்த மரம் தை மாத வெயிலில் சுருங்கித் தொளதொளக்கும். ஆள்காட்டி விரலில் உரசும் இடத்தை மட்டும் இழையுங்கள், அது எந்த மாதமும் தொடக்கூடாத இடம். கணப்பு அருகே வைத்துக் காயவைக்காதீர்கள், வெடிக்கும். உள்ளங்கைத் தாங்கியை (கைப்பிடியின் அடியில் கையைத் தாங்கும், ஏற்றி இறக்கக்கூடிய துண்டை)க் கழற்றினால் நாரின் வெட்டுமுகம் தெரியும். மரம் தண்ணீரை வேகமாகக் குடிக்கும் வாய் அதுதான். அங்கே இரண்டு கை அரக்கு பாலிஷ் கொடுங்கள். பிறகு கை நெருக்காத அளவுக்குத் தாங்கியைக் கீழே இறக்கி, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு "ஐப்பசி" என்று எழுதுங்கள். தை பிறந்ததும் மேலே ஏற்றி இன்னொரு கோடு.