பேப் ரூத் படமும் தாளின் வயதும்

1948 ஜூன் 13, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். புற்றுநோயால் மெலிந்துபோன அமெரிக்க பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத், மட்டையை ஊன்றிக்கொண்டு ரசிகர்கள் முன்னால் நிற்கிறார். நாட் ஃபைன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் அவருக்குப் பின்னால் போய், 3 என்ற எண் தெரிகிற முதுகைப் படமெடுத்தார். இரண்டே மாதத்தில் ரூத் காலமானார். அடுத்த ஆண்டு அந்தப் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

இதன் பிரின்ட் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விவரம் தெரிந்த சேகரிப்பாளர், 'எப்போது போட்ட பிரின்ட்?' என்றுதான் முதலில் கேட்பார். நெகட்டிவ் பத்திரமாக இருந்தால் 1948-லும் பிரின்ட் போடலாம், 1988-லும் போடலாம். படம் எடுத்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குள், அசல் நெகட்டிவிலிருந்தே போட்டதை 'டைப் 1' என்பார்கள். பெரிய விலை அதற்குத்தான்.

சரி, தாளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுவார்கள். 1950-களிலிருந்து புகைப்படத் தாளை இன்னும் வெள்ளையாகக் காட்ட ஒளிர்வுப் பொருள் சேர்க்கத் தொடங்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் பொருள் அது. சலவைத்தூளில் துவைத்த வெள்ளைச் சட்டை டிஸ்கோ விளக்கில் பளிச்சென்று தெரிவதும் இதே சங்கதிதான். தாளே அப்படி ஒளிர்ந்தால், அது 1948 பிரின்ட் அல்ல. ஆனால் ஒளிராவிட்டால் மட்டும் பழசு என்று முடிவு கட்டிவிட முடியாது. பழைய தாளை வாங்கி வைத்திருந்து பிறகு பிரின்ட் போட்டிருக்கலாம். பின்னால் வந்த தாள்களிலும் இந்தப் பொருள் சேர்க்காதவை உண்டு.

அப்புறம் படத்தைச் சாய்த்துப் பார்ப்பார்கள். கருப்பு வெள்ளைப் பிரின்ட்டில் கருப்பாகத் தெரிவதெல்லாம் ஜெலட்டின் படலத்துக்குள் புதைந்திருக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்கள். காற்றிலுள்ள மாசும் ஈரமும் பல ஆண்டுகளாக அவற்றை அரிக்கின்றன. வெள்ளி, அயனிகளாகப் பிரிந்து ஜெலட்டின் வழியே மேலே ஊர்ந்துவந்து, மேற்பரப்பில் மறுபடி உலோகமாகப் படிகிறது. அதனால் இருண்ட பகுதிகளில், குறிப்பாக ஓரங்களில், நீலம் கலந்த பளபளப்பு தெரியும். பாதுகாப்பவர்களுக்கு இது சேதம். வாங்குகிறவருக்கோ நல்ல அறிகுறி. கணினிப் பிரின்டரில் அடித்த போலியில் வெள்ளியே கிடையாது, லென்ஸில் பார்த்தால் மைப்புள்ளிகள்தான் தெரியும்.

வயர்போட்டோ கதை வேறு. அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 1935-ல் தொடங்கிய இந்தச் சேவையில், படத்தை வரிவரியாக ஒளியால் வருடி, மின்குறிகளாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பினார்கள். வந்துசேர்ந்த படத்தில் அந்த வரிகள் மெல்லிய கோடுகளாகத் தங்கிவிடும். காலத்தால் பழசாக இருந்தாலும் அது அசல் நெகட்டிவிலிருந்து வந்ததல்ல, விலையும் இறங்கிவிடும்.

பின்பக்கத்தில் உள்ள பத்திரிகை முத்திரையையும் தேதியையும் பலர் பெரிதாக நம்புகிறார்கள். என்னைக் கேட்டால், அதைக் கடைசியில் பார்ப்பதே நல்லது. ரப்பர் முத்திரை செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லையே!