அசெஸ்மென்ட்: வரியைக் கட்டுவது யார்?

புது வீடு கட்டியவரிடம் நம் ஊர்களில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். கிரகப்பிரவேசம் எப்போது என்பது ஒன்று, ‘அசெஸ்மென்ட்’ போட்டாயிற்றா என்பது மற்றொன்று. வீட்டை வரிப் பதிவேட்டில் ஏற்றுவதும், அப்போது கிடைக்கும் எண்ணும், பிறகு வரி கூடுவதும் எல்லாமே பேச்சில் அசெஸ்மென்ட்தான். இத்தனை பொருள்கள் ஒரே சொல்லில் ஏறி உட்கார்ந்திருப்பதால் வருகிற குழப்பம் சிறியதல்ல.

சொல்லின் வேர் லத்தீனில் ‘பக்கத்தில் அமர்தல்’. நீதிபதியின் அருகில் அமர்ந்து யோசனை சொன்னவர் ‘அசெசர்’. வரித்தொகையை முடிவு செய்யும் வேலையும் பின்னால் அந்தப் பெயருக்குள் வந்தது. ஆங்கிலத்திலும் இன்னார் இவ்வளவு செலுத்த வேண்டும் என்று விதிப்பதுதான் இதன் மூத்த பொருள். ஒரு பொருளின் தகுதியை எடைபோடுவது என்ற பொருள் மிகவும் பிந்தியது. தமிழில் நாம் பிந்தியதை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் ‘மதிப்பீடு’ என்று போட்டுவிட்டோம். பள்ளித் தேர்வுக்கு அது பொருந்தும். சொத்து வரிக்குப் பாதிதான் பொருந்தும்.

சொத்து வரியில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. வீட்டின் பரப்பு, தெரு, பயன்பாடு, வயது ஆகியவற்றைப் பார்த்து, வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று கணக்கிடுவது முதல் வேலை. ஆண்டு வாடகை மதிப்பு என்பது இதுதான், இதுவே மதிப்பீடு. அந்த மதிப்பின் மேல் இவ்வளவு செலுத்து என்று சொல்வது அடுத்த வேலை. அது விதிப்பு. வரி ரசீதில் ‘வரிவிதிப்பு எண்’ என்று அச்சிட்டவர்கள் இந்த வேறுபாட்டை உணர்ந்தே செய்தார்களோ என்னவோ, சொல் சரியாக விழுந்திருக்கிறது.

2022 ஏப்ரலில் வந்த வரி உயர்வைப் பற்றி வீட்டுக்காரர்கள் சொல்லும் குறை இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நிலைக்கவில்லை. 2018-இல் உயர்த்திய வரியும் அடுத்த ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு ஒரேயடியாக வந்தது. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று பழைய வரியின் மேல் ஏற்றினார்கள். 2011-இல் சேர்ந்த புறநகர்களுக்கு 25-இல் தொடங்கி 100 வரை. 1,200 சதுர அடி வீட்டுக்கு 75 சதவீதம் என்றால் 1,201-க்கு 100. அந்த ஒரு சதுர அடியில் ஒரு குடத்துக்கு மேல் வைக்க முடியாது!

கால் நூற்றாண்டாகத் தொடாத வரி, கூட்டத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் வீட்டுக்காரர்களும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர், ‘நானே குடியிருக்கிற வீட்டுக்கு வாடகை ஏது?’ என்று கேட்டால் அது மதிப்பீட்டைப் பற்றிய கேள்வி. ‘மழை பெய்தால் என் தெரு குளம், இதற்கும் அதே சதவீதமா?’ என்பதும் அப்படியே. இரண்டுக்கும் ‘அசெஸ்மென்ட் மாறிவிட்டது’ என்று பதில் சொன்னால், யாரோ வந்து வீட்டைப் பார்த்து மதிப்பிட்டுப் போனது போன்ற தோற்றம் வருகிறது. மாறியது விதிப்பு மட்டுமே.

நம்மிடம் இதற்குப் பழைய சொல் ஒன்று இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘இறை கட்டின காணிக்கடன்’ என்று திரும்பத் திரும்ப வருகிறது. இறை என்றால் வரி, காணிக்கடன் என்றால் நிலத்துக்காகச் செலுத்த வேண்டிய கடமை. ஊரை அளந்து, ஊர் நத்தம், கோயில், குளம், சுடுகாடு முதலியவற்றை ‘இறையிலி’ என்று நீக்கிவிட்டு, மிஞ்சிய நிலத்துக்கு இவ்வளவு நெல் என்று முடிவு செய்வதுதான் இறை கட்டுதல். குடியிருப்பு மனைகள் அமைந்த நத்தம் இந்தக் கணக்கில் வெளியே நின்றதைக் கவனிக்க வேண்டும். அதற்காக மனைக்காரர்கள் எங்கும் தப்பிவிடவில்லை. வேறு சோழர் கல்வெட்டுகளில் ‘மனை இறை’யும் உண்டு.

அன்று இறையைக் கட்டியது அரசு. இன்று ‘வரி கட்டினேன்’ என்றால் பணத்தைச் செலுத்தியது நான். வினைச்சொல் அப்படியே இருக்க, செய்பவர் மட்டும் சாவடியிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு இடம் மாறிவிட்டார். ஆகவே ‘இறை கட்டு’ என்பதை மீட்டெடுக்க எனக்கு ஆசை இருந்தாலும், கேட்பவருக்கு அது தலைகீழாகத்தான் புரியும்.

வருவாய்த் துறையில் இன்னொரு சொல் உயிரோடு இருக்கிறது: தீர்வை. சிட்டாவை எடுத்துப் பார்த்தால் பரப்புக்குப் பக்கத்தில் ‘தீர்வை’ என்ற கட்டம் இருக்கும். தீர் என்ற வினையிலிருந்து வந்த, தீர்மானித்த தொகை என்னும் பொருளுள்ள நல்ல சொல். ஆயத்தீர்வை என்பதிலும் இலங்கையின் இறக்குமதித் தீர்வையிலும் அது வரியையே குறிக்கத் தொடங்கிவிட்டதால், மதிப்பிடும் செயலுக்கு இனி உதவாது. இலங்கையில் வீட்டுக்கான வரிக்கு ‘ஆதன வரி’ என்றும் ‘சோலை வரி’ என்றும் பெயர். சோலை வரி என்னும்போது வரி கூடக் கொஞ்சம் நிழல் தருவதுபோல் இருக்கிறது.

எனவே, வீட்டைப் பதிவேட்டில் ஏற்றித் தொகை சொல்வது வரிவிதிப்பு. வாடகை மதிப்பைக் கணக்கிடுவது வரி மதிப்பீடு. ஆள் வந்து அளந்து திருத்தினால் மறுமதிப்பீடு. சென்னை மாநகராட்சி 2024-இல் 6 சதவீதம் கூட்டியதே, அதற்கு வரி உயர்வு என்ற பழகிய பெயரே போதும்.