குட்டியைத் தூக்கி வருவதற்கு முன்னால்

புதிதாக நாய்க்குட்டி வாங்கியவர்கள் முதல் தடவை எங்கள் கால்நடை கிளினிக்குக்கு வரும்போது கையில் ஒரு பை இருக்கும். மணி கட்டிய பெல்ட், ஷாம்பு, பவுடர், எலும்பு வடிவ ரப்பர் பொம்மை, கால்சியம் டானிக், சில சமயம் ஒரு சட்டைகூட. "குட்டிக்கு எத்தனை நாள் ஆச்சு? பூச்சி மருந்து எப்ப கொடுத்தாங்க? அங்க என்ன சாப்பிட்டுட்டு இருந்துச்சு?" என்று கேட்டால் வீட்டுக்காரரும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்தப் பையில் உள்ளதில் பாதி இப்போதைக்கு வேண்டாம். வேண்டியதில் பெரும்பாலானவை வீட்டிலேயே கிடக்கின்றன, அல்லது குட்டியைக் கொடுப்பவரிடம் கேட்டு வாங்கி வர வேண்டியவை.

முதலில் வயது. ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் பெங்களூருக்குப் போய் வாங்கி வருகிறார்கள். பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை பக்கம் என்றால் பெரும்பாலும் தெரிந்தவர் வீட்டுக் குட்டி. எங்கே வாங்கினாலும் 8 வாரம் முடியாததைத் தூக்கி வராதீர்கள். நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படியும் அதற்குக் குறைந்த வயதுக் குட்டியை விற்கக் கூடாது. "சின்னதுலயே எடுத்துட்டு வந்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்" என்பார்கள். அது சரியில்லை. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கூடப்பிறந்ததுகளோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி பின்னாளில் விளையாட்டுக்குக்கூட அழுத்திக் கடிக்கும். வயதைக் கூட்டிச் சொல்லி விற்பதும் நடக்கிறது. வாயைத் திறந்து பாருங்கள்: 8 வாரத்தில் ஏறக்குறைய 28 பால் பற்களும் முளைத்திருக்க வேண்டும். முன்பற்களே இன்னும் சரியாக வெளியே வரவில்லை என்றால் தாயிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்து ஒரு கேள்வி. பலர் இதை நாங்கள் கேட்டால்தான் சொல்வார்கள். உங்கள் வீட்டில் இதற்கு முன் இருந்த குட்டி எப்படிச் செத்தது?

வாந்தி, அப்புறம் ரத்தப் பேதி, இரண்டு மூன்று நாளில் முடிந்துபோனது என்றால் அது பெரும்பாலும் பார்வோ வைரஸ். பிள்ளைகள் அழுகிறார்கள், வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று பத்து நாளில் இன்னொன்றை வாங்கிவிடுகிறார்கள். அதே மூலை, அதே தட்டு, அதே சாக்கு. நாயைப் புதைத்தால் வைரஸும் போய்விடும் என்று நினைக்கிறோம். அது நிழலும் ஈரமுமான மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஓராண்டு வரைகூட. புதுக்குட்டி அந்தத் தரையை ஒருமுறை நக்கினால் போதும். உடம்புக்குள் போன மூன்று முதல் ஏழு நாளில் பெரும்பாலும் நோய் வெளியே தெரிந்துவிடும். "வந்தப்ப நல்லா விளையாடிட்டுத்தான் சார் இருந்துச்சு, ஒரு வாரத்துல இப்படி ஆயிடுச்சு" என்று கொண்டு வருவார்கள். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. சில நேரம் அது உண்மைதான். சில நேரம் கிருமி வாங்கியவர் வீட்டிலேயே காத்துக்கொண்டிருந்திருக்கும்.

அப்படி வந்த குட்டியை மேசையில் கிடத்தும்போதே நாற்றம் சொல்லிவிடும். பிடரித் தோலை இழுத்து விட்டால் உடனே படியாது, மடிப்பு மடிப்பாக நிற்கும். ஈறு வெளுத்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். குளுக்கோஸ் ஏற்றுவது, வாந்திக்கு ஊசி போடுவது என்று நாங்கள் செய்வதெல்லாம் குட்டி தாக்குப்பிடிப்பதற்கான உதவிதான். சில குட்டிகள் பிழைக்கும், சில பிழைக்காது. ஒரு வாரச் சிகிச்சைச் செலவு குட்டியின் விலையைத் தாண்டிவிடுவதும் சாதாரணம்.

ஆகவே சந்தேகம் இருந்தால், குட்டி வருவதற்கு முன்பே தரையைச் சுத்தம் செய்யுங்கள். பினாயிலும் டெட்டாலும் இதற்குப் போதாது. முதலில் சோப்புத் தண்ணீர் விட்டு அழுக்கைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. அப்புறம் கடையில் கிடைக்கும் பிளீச் திரவத்தில் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, அதாவது 10 லிட்டர் வாளிக்கு 300 மில்லிக்குச் சற்று கூடுதலாக ஊற்றி, தரை முழுவதும் நனையும்படி விட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். பழைய சாக்கு, பெல்ட், மரப்பெட்டி எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். மண் வாசல் என்றால் முழுதாகச் சுத்தம் செய்ய வழியில்லை. ஒன்று ஓராண்டு பொறுங்கள், அல்லது தடுப்பூசி முழுவதும் போட்டு முடித்த வளர்ந்த நாயாக எடுத்து வாருங்கள்.

படுக்கைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டாம். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் எந்த வீட்டுப் பின்கட்டிலும் ஒரு தக்காளி கிரேட் கிடக்கும். அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒரு பக்கச் சுவரைக் குட்டி தாண்டும் உயரத்துக்கு அறுத்து, அறுத்த விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் அருமையான படுக்கை. உள்ளே பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போடுங்கள். சாக்கு வேண்டாம். குட்டி அதன் நூலைப் பிரித்து விழுங்கும், நூல் குடலில் சிக்கினால் ஆபரேஷன் வரைக்கும் போகும். வரும்போது தாயின் வாடை பட்ட ஒரு துணித்துண்டைக் கேட்டு வாங்கி அதற்குள் வையுங்கள். முதல் சில ராத்திரிகள் அழத்தான் செய்யும். தனியாகத் திண்ணையில் கட்டிப்போடாமல், நீங்கள் தூங்கும் அறையிலேயே கிரேட்டை வைத்தால் அழுகை பாதியாகும். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து டிசம்பர் குளிருக்குக் கூடுதலாக ஒரு கம்பளி வேண்டும். தருமபுரியில் ஏப்ரல், மே மாதங்களில் தகர ஷீட்டுக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள். இந்த வெயிலுக்குப் பனிப்பிரதேச நாயான ஹஸ்கி வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏசி இருக்கிறதே என்பார்கள், கரண்ட் போனால்?

சாப்பாட்டில் இரண்டு தவறுகள் அதிகம். ஒன்று, வந்த அன்றே சாப்பாட்டை மாற்றுவது. அங்கே என்ன சாப்பிட்டதோ அதையே முதல் வாரம் கொடுங்கள், ஒரு கைப்பிடி வாங்கியே வந்துவிடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம். இரண்டாவது, பால். தாய்ப்பாலை மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் பேதி ஆகும். பாலும் ரஸ்க்கும், பாலும் செரெலாக்கும் என்று வளர்ந்த குட்டி குண்டாகத் தெரியும், தூக்கினால் சதை இருக்காது. நம் ஊரில் களி இல்லாமல் நாய்ச் சோறு இல்லை. கேழ்வரகு கெடுதல் அல்ல, கால்சியமும் நிறைய. ஆனால் அதில் புரதம் 100 கிராமுக்கு 7 கிராம் அளவுதான். வளரும் குட்டியின் உணவில் ஈரம் நீங்கிய எடையில் 22 சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும். ஆகவே களியோடு வேகவைத்த முட்டையோ எலும்பு நீக்கிய கோழிக்கறியோ சேராமல் அது முழுச் சாப்பாடு ஆகாது. குட்டிக்கான தீவனம் வாங்கிப் போடுகிறீர்கள் என்றால் கால்சியம் டானிக்கைத் தொடவே வேண்டாம். லாப்ரடார், கிரேட் டேன் போன்ற பெரிய ஜாதிகளுக்கு அதிகக் கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும்.

தண்ணீர் நீங்கள் குடிப்பதையே ஊற்றுங்கள். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு மிகுந்த போர்த் தண்ணீருக்காகத்தானே தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களான நமக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நாய்க்கு மட்டும் ஏன் போர்த் தண்ணீர்?

உண்ணி விஷயத்தில் வீட்டைக் கவனிக்க வேண்டும். பெண் உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் நாயிடமிருந்து விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குட்டி வருமுன் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை மட்டும் கண்ணளவில் கலந்து குட்டிமேல் ஊற்றாதீர்கள். வாயில் எச்சில் ஒழுக, உடம்பு வெட்டி இழுக்க வரும் குட்டிகளில் பலவற்றின் கதை இதுதான். குட்டியின் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற மருந்து தனியாக இருக்கிறது.

தரைமட்டத்தில் குனிந்து வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எலி மருந்து, வயலுக்கு அடிக்கும் மருந்து டப்பா, சார்ஜர் வயர், தைக்கும் ஊசி நூல், வலி மாத்திரை. பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் நாய்க்கு விஷம், காய்ச்சல் என்று நீங்களாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகாது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: சீசனில் மாங்கொட்டையைக் குப்பைக்கூடையில் மூடி வையுங்கள். சப்பிக்கொண்டே இருந்து திடீரென்று விழுங்கிவிடும், குடல் அடைத்துக்கொள்ளும்.

கடையில் வாங்க வேண்டியது கொஞ்சம்தான். கவிழாத அகல அடி எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, இரண்டு விரல் உள்ளே நுழையும் தளர்வில் மெல்லிய பெல்ட், கடிக்க ஒரு ரப்பர் பொம்மை, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றும் கைவசம் இருக்கட்டும். ஷாம்புவுக்கு இப்போது அவசரமில்லை.

ஊசிக்கு வருவோம். முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில். பிறகு இரண்டிலிருந்து நாலு வார இடைவெளியில், 16 வாரம் தாண்டும் வரை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும், அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். "ஒரு ஊசி போட்டாச்சே" என்று ரோட்டில் இறக்கி விடாதீர்கள். அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைக்கவும் வேண்டாம், தோளில் தூக்கிக்கொண்டு போய் பஸ் சத்தம், ஆட்டு மந்தை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாவற்றையும் காட்டுங்கள். வெறிநாய்க்கடி ஊசி 3 மாதத்தில். அதற்குள் குட்டியின் பல் யார்மேலாவது பட்டு ரத்தம் வந்தால், சின்னக் குட்டிதானே என்று விட்டுவிடாமல் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று நாளுக்குள் எங்களிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஊசி அட்டை, தீவனப் பாக்கெட், சின்ன டப்பாவில் அன்று காலை போன மலம் கொஞ்சம், இவை போதும். மலத்தைப் பார்த்துத்தான் எந்தப் பூச்சி, எந்த மருந்து என்று முடிவு செய்கிறோம். முறை வரும்வரை குட்டியை எங்கள் வராந்தாவில் இறக்கி விடாமல் மடியிலேயே வைத்திருங்கள். உங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றது பார்வோ நாயாக இருந்திருக்கலாம்.