இணையக் குழுவில் திருட்டுப் பிரதிப் பேச்சு: நடத்துபவருக்குச் சட்டம் தரும் பொறுப்பு விலக்கு

திரைக்கு வந்து இரண்டு நாள்கூட ஆகாத ஒரு படத்தின் பெயரைக் குறிப்பிட்டு, "எங்கே கிடைக்கும்?" என்று ஓர் இணையக் குழுவில் ஒருவர் இரவு பதினொரு மணிக்குக் கேட்கிறார். சற்று நேரத்தில் இன்னொருவர் அதன் கீழே ஒரு சுட்டியை இடுகிறார். குழுவை நடத்துபவர் அப்போது உறங்கிக்கொண்டிருக்கிறார். காலையில் அவர் பார்ப்பதற்குள் அந்தச் சுட்டி பல கைகளுக்குப் போய்விடுகிறது. இதற்கு அவர் சட்டப்படி பொறுப்பாவாரா என்பது சிறிய குழுக்களை ஊதியமின்றி நடத்தும் பலருக்கும் உள்ள அச்சம். இந்தியச் சட்டத்தில் இதற்கு ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. ஆனால் அந்த விடை ஒரே சட்டத்தில் இல்லாமல் இரண்டு மூன்று சட்டங்களிலும் சில தீர்ப்புகளிலும் சிதறிக் கிடப்பதால், அச்சம் தேவைக்கு மேல் வளர்ந்திருக்கிறது.

திருட்டுப் பிரதியைப் பற்றிப் பேசுவதே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒரு படைப்பைப் படியெடுப்பதையும் விற்பதையும் பொதுமக்களுக்கு எட்டச் செய்வதையும் உரிமையாளரின் அனுமதிக்கு உட்படுத்துகிறது. திருட்டுப் பிரதியால் யாருக்கு என்ன இழப்பு, காசு கொடுத்து வாங்கிய மின்னூலை வேறொரு கருவியில் ஏன் படிக்க முடியவில்லை, ஒரு தளத்தை நீதிமன்றம் ஏன் முடக்கியது என்றெல்லாம் விவாதிப்பதற்கு அந்தச் சட்டத்தில் தடையில்லை. விமர்சனத்துக்காகவும் நடப்புச் செய்திக்காகவும் படைப்பின் ஒரு பகுதியை நியாயமான அளவில் எடுத்தாளுவதற்குக்கூட 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே "பைரசி" என்ற சொல் வந்தாலே பதிவை நீக்கிவிடும் மட்டுறுத்துநர், சட்டம் கேட்காத ஒன்றைச் செய்கிறார். தன் உறுப்பினர்களின் நியாயமான பேச்சையும் பறிக்கிறார்.

பேச்சு எந்த இடத்தில் உதவியாக மாறுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். "அந்தப் படம் அதற்குள் இணையத்தில் கசிந்துவிட்டதாமே" என்பது செய்தி. "இந்தச் சுட்டியில் முழுப் படமும் இருக்கிறது" என்பது படைப்பைப் பிறருக்கு எட்டச் செய்யும் செயலுக்குத் துணை. "தளத்தை முடக்கிவிட்டார்கள், இன்று அதன் புதிய முகவரி இது" என்று நாள்தோறும் புதுப்பிக்கப்படும் பதிவு அதைவிடக் கடுமையானது. டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் வழங்கிய ஒரு தீர்ப்பில், ஒரு தளம் முழுவதுமாகத் திருட்டுக்கென்றே இயங்குகிறதா என்று அறியச் சில அடையாளங்களை வகுத்தது. மீறலுக்கான வழிகளைத் தொகுத்த அட்டவணை இருக்கிறதா, அறிவிப்பு வந்த பிறகும் மௌனம் காக்கப்படுகிறதா, நீதிமன்றத் தடையைத் தாண்டுவதற்கான வழிகாட்டுதல் தரப்படுகிறதா என்பவை அவற்றுள் சில. தளங்களுக்காக வகுக்கப்பட்டவை என்றாலும், குழு நடத்துபவர் தன் குழுவின் நிலையான பதிவுகளை இந்த அளவுகோலை வைத்துப் பார்ப்பது நல்லது. படியெடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டை உடைக்கும் வழிமுறைகளுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் தனிப் பிரிவே உண்டு. மீறும் நோக்கத்துடன் அத்தகைய பூட்டைத் தாண்டுபவருக்கு, 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது.

இனி, பிறர் இட்ட பதிவுக்கு நடத்துபவரின் பொறுப்பு என்ன என்பதற்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 79ஆம் பிரிவு, 2008ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு உள்ள வடிவில், "இடைநிலையாளர்" ஒருவர் மூன்றாம் நபரின் தகவலுக்குப் பொறுப்பாகமாட்டார் என்று பொதுவிதியாகச் சொல்கிறது. பிறருக்காக ஒரு மின்பதிவைப் பெறுபவர், சேமிப்பவர், அனுப்புபவர், அது தொடர்பான சேவை தருபவர் யாரும் இடைநிலையாளரே. தொலைத்தொடர்பு நிறுவனம் முதல் இணைய மையம் வரை இதில் அடங்கும். இந்த விலக்கைப் பெற, தகவலை அவர் தொடங்கி வைத்திருக்கக் கூடாது, பெறுபவரைத் தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது, தகவலைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ கூடாது, அரசு வகுத்த உரிய கவனத்தையும் கடைப்பிடித்திருக்க வேண்டும். மீறலுக்குச் சதி செய்தாலோ, உடந்தையாக இருந்தாலோ, தூண்டினாலோ விலக்கு போய்விடும். உண்மையான அறிவு கிடைத்த பிறகும் விரைந்து அகற்றாவிட்டாலும் போய்விடும்.

சொந்தச் சர்வரில் குழு நடத்துபவர் இந்த வரையறைக்குள் நேராகவே வருகிறார். ஒரு பெரிய நிறுவனத்தின் செயலியில் குழு தொடங்கி அட்மினாக இருப்பவரின் நிலை சற்று வேறு. அங்கே தகவலைச் சேமிப்பதும் அனுப்புவதும் அந்த நிறுவனம்தான். இத்தகையவர்களுக்கு உயர் நீதிமன்றங்கள் ஆறுதலான விடையே தந்திருக்கின்றன. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வும் 2021இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022இலும், உறுப்பினர் இட்ட பதிவுக்காக வாட்ஸ்அப் குழுவின் அட்மினை அவர் அட்மின் என்ற ஒரே காரணத்துக்காகக் குற்றவாளியாக்க முடியாது என்று கூறின. ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் மட்டுமே முடிந்தவர், ஒரு பதிவை வருமுன் தடுக்க முடியாதவர் என்பது அவற்றின் அடிப்படை. அவை பதிப்புரிமை வழக்குகள் அல்ல என்பதையும், அட்மினே சேர்ந்து செயல்பட்டிருந்தால் அந்தத் தீர்ப்புகள் அவரைக் காக்கமாட்டா என்பதையும் மறக்கக் கூடாது.

"உண்மையான அறிவு" என்ற சொல்லில்தான் பெரும்பாலான வழக்குகளின் முடிவு தங்கியிருக்கிறது. இணையப் பேச்சுரிமை குறித்த ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிப்போ வந்தால்தான் இடைநிலையாளருக்கு அறிவு வந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது. யாரோ ஒருவர் புகார் அனுப்பியதும் நியாயம் எது, அநியாயம் எது என்று தனியாரே தீர்ப்பளிக்கும் நிலை வரக் கூடாது என்பது அதன் கவலை. இதைப் படித்துவிட்டு, "நீதிமன்ற ஆணை கொண்டுவாருங்கள், அதுவரை நீக்கமாட்டேன்" என்று படைப்பாளிகளுக்குப் பதில் எழுதும் குழு நடத்துபவர்கள் இருக்கிறார்கள். பதிப்புரிமை விஷயத்தில் அது ஆபத்தான பதில். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, பதிப்புரிமைச் சட்டம் தரும் உரிமைகளுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் குறுக்கே நிற்காது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. 79, 81 ஆகிய இரு பிரிவுகளையும் இணைத்துப் படித்த டெல்லி உயர் நீதிமன்றம், மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தள நிறுவனத்துக்கும் சூப்பர் கேசட்ஸ் என்ற இசை நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் 2016 டிசம்பரில், பதிப்புரிமை மீறலைப் பொறுத்தவரை நீதிமன்ற ஆணை கட்டாயமில்லை என்றும், உரிமையாளர் குறிப்பிட்ட படைப்பைச் சுட்டி அறிவித்தாலே அறிவு வந்ததாகிவிடும் என்றும் கூறியது.

அதே தீர்ப்பு நடத்துபவருக்கும் ஒரு பாதுகாப்பைத் தந்தது. "உங்கள் இடத்தில் திருட்டு நடக்கிறது" என்ற பொதுவான எச்சரிக்கை அறிவாகாது. தன்னிடம் உள்ள படைப்புகள் அனைத்தின் பெயர்ப் பட்டியலையும் கொடுத்துவிட்டு, இவற்றில் எது வந்தாலும் நீங்களே தேடிப் பிடியுங்கள் என்று சொல்வதும் போதாது. எந்தப் படைப்பு, எந்த இடத்தில் மீறப்பட்டிருக்கிறது என்று காட்ட வேண்டும்.

அப்படிப்பட்ட அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதி வரிசையாகச் சொல்கிறது. அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். படைப்பின் விவரம், அனுப்புபவர்தான் உரிமையாளர் அல்லது பிரத்தியேக உரிமம் பெற்றவர் என்பதற்கான ஆதாரம், அந்தப் பிரதி அனுமதியற்றது, 52ஆம் பிரிவின் விலக்குகளுக்குள் வராதது என்பதற்கான விவரம், அது இருக்கும் இடம், தெரிந்தால் அதை ஏற்றியவர் யார் என்ற தகவல் ஆகியவை வேண்டும். இவற்றோடு, வழக்குத் தொடுத்து 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணையைக் காட்டுவேன் என்ற உறுதிமொழியும் வேண்டும். "என் புத்தகத்தின் பிடிஎஃப் உங்கள் குழுவில் சுற்றுகிறது, உடனே எல்லாவற்றையும் நீக்குங்கள்" என்ற ஒற்றை வரிச் செய்தியில் இவற்றில் எதுவுமே இல்லை. ஆயினும் அந்த வரியைப் புறந்தள்ளுவதை நான் ஆதரிக்கமாட்டேன். எந்தப் பதிவு என்று கேட்டு ஒரு மறுமொழி எழுதுவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, எழுதியவர் தன் உழைப்பு களவு போவதைக் கண்டு பதறியிருக்கும் ஒருவராக இருக்கக்கூடும்.

முறையான அறிவிப்பு வந்து, அதில் உள்ள விவரங்களைப் பார்த்து நிறைவடைந்தால், 36 மணி நேரத்துக்குள் அந்தப் பிரதிக்கான அணுகலை நிறுத்த வேண்டும். பார்க்க வருபவர்களுக்கு அது ஏன் இல்லை என்ற காரணத்தையும் அங்கே காட்ட வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் அணுகலை மீண்டும் தரலாம். அப்படி ஆணை காட்டத் தவறியவர் அதே படைப்பு குறித்து மறுபடியும் அனுப்பும் அறிவிப்புக்குப் பதிலளிக்க வேண்டிய கடமையும் இல்லை. இந்த ஏற்பாடு, சுட்டி தருவதற்கும் அணுகலுக்குமான தற்காலிகச் சேமிப்பைக் குறித்துச் சொல்லும், பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(சி) பிரிவைச் சார்ந்தது. குழுவில் நிரந்தரமாகக் கிடக்கும் கோப்புக்கு அது அப்படியே பொருந்துமா என்ற கேள்வியை எழுப்பலாம். அதனால்தான், கோப்பே நேரடியாக ஏற்றப்பட்டிருந்தால் 21 நாள் கணக்கை நம்பி அதைத் திரும்ப வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மட்டுறுத்தினாலே, அதாவது பதிவுகளைப் பார்த்து நீக்கினாலே, விலக்கு போய்விடும் என்ற தவறான நம்பிக்கை ஒன்றும் பரவலாக இருக்கிறது. ஒரு பதிவை நீக்கினால் மற்ற எல்லாப் பதிவுகளையும் ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று அஞ்சி, கண்ணெதிரே உள்ள திருட்டுச் சுட்டியையும் தொடாமல் விடுகிறார்கள். 2021 பிப்ரவரியில் வந்த இடைநிலையாளர் விதிகள் இந்த அச்சத்தை நேரடியாகவே தீர்த்துவிட்டன: தாமாக முன்வந்தோ, புகாரின் பேரிலோ விதிமீறிய பதிவை நீக்குவது 79ஆம் பிரிவின் நிபந்தனையை மீறியதாகாது. பதிப்புரிமையை மீறும் பதிவு இடக் கூடாது என்பதைக் குழுவின் விதிகளில் எழுதி உறுப்பினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும், புகார் பெறும் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும் என்பதும் அதே விதிகள் இடைநிலையாளர்மீது சுமத்தும் கடமைகள். நீக்குவதற்கு மாறாக, திருட்டுச் சுட்டியைத் தேர்ந்தெடுத்துக் குழுவின் உச்சியில் பொருத்தி வைப்பதும், வேலை செய்யாத சுட்டியை நடத்துபவரே திருத்தித் தருவதும், அதற்காகச் சேர்க்கைக் கட்டணம் வாங்குவதும் விலக்கைக் கரைத்துவிடும் செயல்கள். மீறல் நடக்கும் இடத்தை இலாபத்துக்காக அனுமதிப்பவரையே மீறியவராகக் கொள்ளும், பதிப்புரிமைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு அங்கே வந்து நிற்கும்.

திரைப்படத் திருட்டுக்கு எதிராக இன்னொரு சட்டமும் உண்டு. ஒளிப்பதிவுச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தம், திருட்டுப் பிரதியைக் காட்டுவதற்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை விதித்தது. அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை போகும். அதே ஆண்டு நவம்பரில் திரைப்படத் திருட்டு குறித்த புகார்களைப் பெற மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 12 தொடர்பு அலுவலர்களை நியமித்தது. அவர்களிடமிருந்து உத்தரவு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும்.

விலக்கை இழந்தவருக்கு எதிரே நிற்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. தெரிந்தே மீறுபவருக்கும் உடந்தையாக இருப்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக இலாபமின்றி நடந்திருந்தால் நீதிமன்றம் தனிக் காரணம் எழுதித் தண்டனையைக் குறைக்கலாம். இது காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, பிணையில் விட முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் கூறியது. பெயரை மறைத்துக்கொண்டால் தப்பிக்கலாம் என்பதற்கும் இடமில்லை. பயிற்சிப் பாடங்களைத் திருடிப் பகிர்ந்த டெலிகிராம் சேனல்கள் தொடர்பான வழக்கில், அவற்றை நடத்தியவர்களின் தொலைபேசி எண், ஐபி முகவரி, மின்னஞ்சல் ஆகியவற்றைத் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் டெலிகிராம் நிறுவனத்துக்கு ஆணையிட்டது. ஆகவே அறிவிப்பு வந்த நாள், நேரம், எடுத்த நடவடிக்கை, அனுப்பிய மறுமொழி ஆகியவற்றைத் தனிக் கோப்பில் பதிந்து வைத்திருங்கள். அறிந்ததும் விரைந்து செயல்பட்டேன் என்று பின்னாளில் நீதிமன்றத்தில் சொல்ல நேர்ந்தால், அதைக் காட்டுவதற்கு அந்தக் கோப்பு கையில் இருக்க வேண்டும்.