சி.வி.டி. ட்ராக்டருக்குள் பெல்ட் இல்லை

"பெல்ட்டை எத்தனை மணி நேரத்துக்கு ஒருதரம் மாத்தணும்?" புதிதாக சி.வி.டி. (படிப்படியாக கியர் மாற்றாமல் வேகத்தைச் சீராக மாற்றும் கியர்பாக்ஸ்) ட்ராக்டர் ஓட்டுபவர்கள் சர்வீஸுக்கு வரும்போது முதலில் கேட்பது இதைத்தான். ஸ்கூட்டரின் சி.வி.டி.யில் பெல்ட் இருப்பதால் வந்த குழப்பம். வயலில் இழுக்கும் ட்ராக்டர்களில் பொதுவாக பெல்ட் வேலைக்கு ஆகாது. அங்கே பல்சக்கரமும் எண்ணெயும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

1995-இல் அறிமுகமான ஃபென்ட் 926 வேரியோவையே எடுத்துக்கொள்வோம். அதன் பிளானட்டரி கியரில் நடுவே சன் கியர், வெளிவட்டமாக ரிங் கியர், இடையிலுள்ள சிறு சக்கரங்களைத் தாங்க ஒரு கேரியர். இன்ஜின் சுழற்றுவது அந்தக் கேரியரை. அங்கே சக்தி இரண்டாகப் பிரிகிறது. சன் கியர் வழியாகப் போவது பல்சக்கரப் பாதை. ரிங் கியர் ஒரு ஹைட்ராலிக் பம்பைச் சுற்ற, அந்த எண்ணெய் மோட்டார்களை ஓட்டுவது எண்ணெய்ப் பாதை. கடைசியில் இரண்டும் ஒரே ஷாஃப்டில் சேர்ந்துவிடும்.

பம்ப் எவ்வளவு எண்ணெய் தள்ளும் என்பது அதைச் சாய்க்கும் கோணத்தைப் பொறுத்தது. சாய்வு பூஜ்யமாக இருந்தால் அது எண்ணெய் தள்ளாது. ரிங் கியர் தடையின்றிச் சுற்றும், சன் கியர் அப்படியே நிற்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கிளட்சை மிதிக்காமலே வண்டி நிற்பது இப்படித்தான். பம்பைச் சாய்க்கச் சாய்க்க எண்ணெய் பாய்ந்து சக்கரம் நகரத் தொடங்கும். உச்ச வேகத்தில் மோட்டார்களின் சாய்வு பூஜ்யமாகிவிடும். எண்ணெய்க்குப் போக வழி இல்லாததால் பம்ப் பூட்டிக்கொள்ளும், ரிங் கியர் நின்றுவிடும், முழுச் சக்தியும் பல்சக்கரத்தில் போகும். இடையில் கியர் படிகளே இல்லை. பி.டி.ஓ.வை (கருவிகளைச் சுழற்றும் ஷாஃப்ட்) நிமிடத்துக்கு 540 சுற்றில் நிலையாக வைத்துவிட்டு, ரோட்டவேட்டரின் சுமைக்கேற்ப வண்டியின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். என் கணக்கில் இதற்காகவே இந்தக் கியர்பாக்ஸை வாங்கலாம்.

எண்ணெய்ப் பாதையில் இழப்பு அதிகம், அந்த இழப்பெல்லாம் சூடாக மாறும். மெதுவாக ஊர்ந்து கனமாக இழுக்கும்போது எண்ணெயின் பங்கு கூடும். அப்போது கூலரில் வைக்கோல் தூசி அடைத்திருந்தால் வெப்பமானி முள் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒருமுறை, ஊரும் வேகத்தில் வெட்டி வெட்டி நகர்கிறது என்று ஒரு வண்டி வந்தது. ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை வெயிலில் விரித்துப் பார்த்தேன். வெண்கல நிறத்தில் பொடி மினுமினுத்தது. பம்புக்குள் பிஸ்டன்கள் சறுக்கும் பாகங்களின் தேய்மானம் அது. விசாரித்தால், கொட்டகையில் மூடியில்லாமல் கிடந்த கேனிலிருந்து எண்ணெய் நிரப்பியிருக்கிறார்கள். அங்கே இருக்கும் இடைவெளியோ சில மைக்ரான்தான், தலைமுடியின் பருமனில் சிறு பங்கு. ஃபில்டர் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கையேட்டில் சொன்ன எண்ணெயையே, துடைத்த புனலால் ஊற்றுங்கள்.

சரிவிலும் ஒரு எச்சரிக்கை. பிரேக் மிதிக்காமலே சி.வி.டி. வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதே என்று நம்பி இறங்கிவிடாதீர்கள். அந்தப் பிடி இன்ஜின் ஓடும்வரைதான். பார்க்கிங் பிரேக் போட்ட பிறகே சீட்டை விட்டு எழ வேண்டும். வண்டி பழுதானாலும் உடனே கயிறு கட்டி இழுக்காதீர்கள், இழுக்கும் வேகத்துக்கும் தூரத்துக்கும் கையேட்டில் வரம்பு இருக்கும்.