விவாகரத்து தீர்ப்பு நகல்: மதுரைப் பக்கம் எங்கே தேடுவது, எப்படிக் கேட்டு வாங்குவது

விவாகரத்து ஆனதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று தாலுகா ஆபீசுக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறப்பு, இறப்பு, திருமணத்துக்குத் தருவதுபோல விவாகரத்துக்கென்று தனியாக ஒரு சான்றிதழை எந்த அலுவலகமும் தருவதில்லை. வழக்கை முடித்துவைத்த நீதிமன்றம் முத்திரை வைத்துக் கொடுக்கும் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல்தான் ஆதாரம். மறுமணத்தைப் பதிவு செய்யப் போனாலும், வாரிசுச் சான்றில் யார் பெயர் வரவேண்டும் என்ற கேள்வி எழுந்தாலும், வெளிநாட்டு விசாவுக்கு எழுதிப் போட்டாலும் கேட்பது அதைத்தான். நோட்டரி கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸைப் பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள்.

இதில் பலருக்குத் தெரியாமலே போகும் உரிமை ஒன்று உண்டு. 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 23(4) பிரிவு, விவாகரத்து வழங்கி முடித்த ஒவ்வொரு வழக்கிலும் தீர்ப்பாணையின் நகலை இரு தரப்புக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்கே கட்டளையிடுகிறது. 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் 34(4) பிரிவும் அதையே சொல்கிறது. கேட்டால் கொடுக்கலாம் என்றில்லை, கொடுத்தே ஆக வேண்டும். நடைமுறையில் அந்த நகலை வக்கீலோ அவர் குமாஸ்தாவோ வாங்கி வழக்குத் தாள் கட்டுக்குள் வைத்துவிடுவது வழக்கம். ஆகவே நீதிமன்றத்துக்குப் போகும் முன் பழைய வக்கீல் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அங்கே இல்லையென்றால் புதிதாக நகல் மனு போட வேண்டியதுதான். இலவசம் என்பது அந்த முதல் நகலுக்கு மட்டும். பின்னால் வாங்கும் ஒவ்வொரு நகலுக்கும் தாள் செலவு உண்டு.

நகல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு உண்டு. நீதிபதி காரணங்களோடு எழுதியது தீர்ப்பு. ‘இன்ன தேதியில் நடந்த திருமணம் கலைக்கப்படுகிறது’ என்று முடிவை மட்டும் சொல்லும் சில பக்கத் தாள் தீர்ப்பாணை. பேச்சில் ‘டிகிரி’ என்பார்கள். 23(4) பிரிவு இலவசமாகத் தருவது தீர்ப்பாணையை மட்டுமே. சில அலுவலகங்களும் தூதரகங்களும் இரண்டையும் சேர்த்துக் கேட்கும். ஒரே மனுவில் இரண்டையும் எழுதிவிட்டால் இன்னொரு முறை வர வேண்டியதில்லை.

எந்த நீதிமன்றம்?

முக்கால்வாசிச் சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. திருமணம் மதுரையில் நடந்ததால் வழக்கும் மதுரையில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் குடியிருக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய எதிலும் மனு போடலாம். 2003-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மனைவி மனுதாரராக இருந்தால் அவர் இப்போது குடியிருக்கும் ஊரிலும் போடலாம். மதுரையில் தாலி கட்டி, திருப்பூரில் குடித்தனம் நடத்தி, பெண் தேனியில் தாய்வீட்டுக்குத் திரும்பியிருந்தால் மூன்று ஊர் நீதிமன்றங்களிலும் தேட வேண்டிவரும்.

மதுரை நகரைப் பொறுத்தவரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றம்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். சுற்றுவட்டார வழக்குகள் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் சார்பு நீதிமன்றங்களிலும் (சப் கோர்ட்) இருக்கலாம். குடும்ப நல நீதிமன்றம் வருவதற்கு முந்தைய நகர வழக்குகளும் சார்பு நீதிமன்றப் பதிவேடுகளில்தான் கிடக்கும். அப்பா அம்மா காலத்து வழக்கைத் தேடுகிறவர்கள் மாவட்டப் பிரிவினையையும் மனதில் வைக்க வேண்டும். திண்டுக்கல் 1985-லும், தேனி 1990-களின் நடுவிலும் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்தவை. சிவகங்கையும் விருதுநகரும் 1985-ல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தவை, அந்த மாவட்டத்துக்கோ நெடுங்காலம் தலைமையிடம் மதுரைதான். எனவே தாளில் ‘இராமநாதபுரம்’ என்று இருந்தாலும் மதுரையில் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

வழக்கு பாதியில் ஊர் மாறியிருக்கவும் கூடும். மனைவி, தன்னால் அவ்வளவு தூரம் வாய்தாவுக்கு வந்துபோக முடியாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மாற்றல் மனு போட்டு வழக்கைத் தன் ஊருக்குக் கொண்டுவருவது அன்றாடம் நடப்பது. மாறிப்போன இடத்தில் புது எண் விழும். பழைய எண்ணை வைத்துக்கொண்டு பழைய நீதிமன்றத்தில் கேட்டால் ‘மாற்றப்பட்டது’ என்ற பதிவு மட்டும் இருக்கும். எந்த நீதிமன்றத்துக்கு, எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்பதை அங்கேயே குறித்துக்கொண்டு புது இடத்துக்குப் போங்கள்.

வழக்கு எண்ணைப் பிடிப்பது

எண் இல்லாமல் நகல் மனு நகராது. இந்து திருமணச் சட்ட வழக்குகளுக்கு எச்.எம்.ஓ.பி. என்றும், கிறிஸ்தவர்களுக்கான 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்ட வழக்குகளுக்கு ஐ.டி.ஓ.பி. என்றும் எண் போடுவார்கள், பின்னால் வருடம் வரும். பழைய சம்மன், வக்கீல் நோட்டீஸ், ஜீவனாம்ச வழக்குத் தாள், இவற்றில் ஏதாவது ஒன்று வீட்டில் இருந்தால் அதிலேயே எண் இருக்கும். வக்கீலின் பழைய டைரியிலும் இருக்கும்.

ஒன்றுமே இல்லையென்றால் நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ கைபேசிச் செயலியிலோ தேடலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகத்தைத் தேர்ந்து, பெயரும் வருடமும் கொடுத்து, ‘முடிந்த வழக்குகள்’ என்பதைக் குறித்துத் தேட வேண்டும். நிலுவை வழக்குகளில் மட்டும் தேடிவிட்டு ‘இல்லை’ என்று வந்துவிடுகிறவர்கள் அதிகம். அடுத்தது எழுத்து. பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருக்கும். முத்துலட்சுமி என்ற ஒரே பெயரை ‘லட்சுமி’, ‘லக்ஷ்மி’, ‘லெச்சுமி’ என்று யார் எப்படித் தட்டினார்களோ அப்படித்தான் அது கிடைக்கும். முழுப் பெயரைத் தட்டாமல் முதல் நாலைந்து எழுத்தை மட்டும் கொடுங்கள், பிறகு கணவர் பெயரிலும் தேடுங்கள். வருடம் என்பது மனு எண் விழுந்த வருடம், தீர்ப்பு வந்த வருடமல்ல. ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக அங்கே கிடைக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்து வைத்தால் பிறகு பெயரே தேவைப்படாது. கணினிக்கு வராத பழைய வழக்கு என்றால் நீதிமன்ற அலுவலகத்தில் அந்தந்த வருடப் பதிவேட்டைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். அதற்குத் தோராயமான வருடமாவது தெரிந்திருக்க வேண்டும்.

இணையதளத்தில் ‘முடிந்தது’ என்று இருப்பதைப் பார்த்து விவாகரத்து கிடைத்துவிட்டதாக முடிவுகட்டாதீர்கள். மனுதாரர் வராமல் தள்ளுபடியான வழக்கும், சமாதானமாகி வாபஸ் வாங்கிய வழக்கும் ‘முடிந்தது’ என்றே காட்டும். சேர்ந்து வாழக் கோரும் 9-வது பிரிவு மனுவுக்கும் எச்.எம்.ஓ.பி. எண்தான். ஜீவனாம்ச வழக்கில் உத்தரவு வந்ததாலேயே திருமணம் கலைந்ததாகாது. எந்தப் பிரிவில் போட்ட மனு, என்ன உத்தரவு என்ற இரண்டையும் பார்த்தாக வேண்டும். குடும்ப வழக்குகளில் உத்தரவின் வாசகம் இணையத்தில் திறக்காமல் போகலாம், அதனால் நகலைக் கையில் வாங்கிப் பார்ப்பதே சரி.

நகல் மனு

வழக்கின் தரப்பினர் என்றால் வக்கீல் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பதில்லை, நீங்களே மனு கொடுக்கலாம். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், மனுதாரர் எதிர்மனுதாரர் பெயர்கள், தீர்ப்புத் தேதி, எந்தத் தாளின் நகல் வேண்டும், எத்தனை நகல் வேண்டும், இவ்வளவையும் எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஆதார் போன்ற அடையாள அட்டையோடு கொடுக்க வேண்டும். வழக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் முன்னெழுத்து அளவில்கூட மாறியிருந்தால் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்பதற்கு ஏதாவது ஆவணம் எடுத்துப்போங்கள்.

மனுவுக்கு ஒரு நகல் மனு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள். வழக்குக் கட்டு ஆவண அறைக்குப் போயிருந்தால் அங்கிருந்து எடுத்துவரவே நாளாகும். கட்டு வந்ததும் எத்தனை பக்கம் என்று எண்ணி, அத்தனை நகல் முத்திரைத்தாள் கொண்டுவரும்படி அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். உங்களுக்கு போன் வராது, கடிதமும் வராது. மனு போட்டதோடு ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வருகிறவர்களின் மனு, தாள் கொடுக்கவில்லை என்று அடிபட்டுப் போயிருக்கும். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் உள்ளூரில் ஒருவரைப் பலகை பார்க்கச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டுப் போவது உத்தமம்.

நகல் கையில் வந்ததும் அங்கேயே நின்று சரிபாருங்கள். அதில் வரிசையாகச் சில தேதிகள் இருக்கும்: மனு போட்ட நாள், தாள் கேட்ட நாள், தாள் கொடுத்த நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். மேல்முறையீடு செய்ய நினைப்பவர்களுக்கு இந்தத் தேதிகள் உயிர் போன்றவை, ஏனென்றால் நகலுக்காகக் காத்திருந்த காலத்தைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ள கால வரம்புச் சட்டத்தின் 12-வது பிரிவு இடம் தருகிறது. தாள் கொடுக்க நீங்கள் தாமதித்த நாட்கள் அதில் சேராது. முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா, பெயரும் திருமணத் தேதியும் சரியா என்றும் பாருங்கள். தீர்ப்பாணையிலேயே எழுத்துப்பிழை இருந்தால் நகல் பிரிவில் திருத்த மாட்டார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 152-வது பிரிவில் அதே நீதிமன்றத்தில் திருத்த மனு போட வேண்டும்.

மனு தாக்கலான தேதி நகலில் தெளிவாக இருக்கிறதா என்பதைச் சிலர் குறிப்பாகப் பார்க்க வேண்டும். ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசுப் பணியில் இருந்த பெற்றோரின் குடும்ப ஓய்வூதியத்தைக் கேட்கும் விவாகரத்தான மகளுக்கு, பெற்றோர் உயிரோடிருக்கும்போதே விவாகரத்து வழக்கு தாக்கலாகியிருந்தால் போதும், தீர்ப்பு அவர்கள் இறந்த பிறகு வந்தாலும் பரிசீலிக்கலாம் என்று 2017-ல் உத்தரவானது. மதுரையில் ரயில்வே குடும்பங்கள் நிறைய. தீர்ப்புத் தேதியை மட்டும் காட்டி, கிடைக்கவேண்டியதை இழந்துவிடக் கூடாது.

மற்றவர்கள் கேட்டால்

குடும்ப வழக்கு ஊர் பார்க்கும் வழக்கல்ல. இந்து திருமணச் சட்டத்தின் 22-வது பிரிவு விசாரணையை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது, விவரங்களை அச்சிட்டு வெளியிடவும் தடை விதிக்கிறது. தரப்பினர் அல்லாதவர் நகல் கேட்டால், தனக்கு என்ன தேவை, என்ன தொடர்பு என்று பிரமாணப் பத்திரத்தோடு மனு போட்டு நீதிபதியின் உத்தரவு வாங்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தவர்கள்கூட மூன்றாம் நபர்தான். தரப்பினர் இறந்துபோயிருந்தால் வாரிசுகள் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்துக் கேட்பார்கள். மறுமணத்துக்குப் பெண்ணோ பிள்ளையோ பார்க்கும் வீட்டார், சம்பந்தப்பட்டவரிடமே சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் முறை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் நகல் வராது. நீதிமன்ற ஆவண நகலை நீதிமன்ற விதிகளின்படிதான் பெற வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

தனக்குத் தெரியாமலே ஒருதலைப்பட்சமாக விவாகரத்து ஆகிவிட்டது என்று கேள்விப்படும் பெண்கள் இதில் மூன்றாம் நபர் அல்லர். அவர்களே எதிர்மனுதாரர், நகல் கேட்க முழு உரிமை உண்டு. சம்மன் எந்த விலாசத்துக்குப் போனது என்று பார்க்க மனுவின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யக் கோருவதற்குக் கெடு 30 நாள். சம்மன் முறையாகச் சேராதிருந்தால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அது கணக்காகும். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

தீர்ப்புக்குப் பின்னால் என்ன ஆனது?

கீழ் நீதிமன்ற நகல் மட்டும் முழுக் கதையைச் சொல்லாது. மதுரைக் கிளையில் மேல்முறையீடு நடந்து தீர்ப்பு மாறியிருக்கலாம். அங்கே வழக்கு எண்ணோடு ‘எம்.டி.’ என்ற எழுத்துகள் இருக்கும், நகலும் அங்கேதான் தனியாக வாங்க வேண்டும். மேல்முறையீட்டுக் கெடுவை குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. மறுமணத்துக்கு நாள் குறிப்பவர்கள் 90-ஐயே கணக்கில் வைப்பது பத்திரம். இருவரும் சம்மதித்துக் குடும்ப நல நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. கிறிஸ்தவத் தம்பதிகளுக்கு 2001 திருத்தத்துக்கு முன் மாவட்ட நீதிமன்றம் தந்த விவாகரத்து, உயர் நீதிமன்றம் உறுதிசெய்த பிறகே முழுமையாகும். அந்தக் காலத்துத் தீர்ப்பென்றால் உறுதிசெய்த உத்தரவின் நகலையும் தேடுங்கள்.

நீதிமன்றத்துக்கே போகாத பிரிவினைகளும் நம் பக்கம் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் முன் தீர்த்துவிட்டு முத்திரைத்தாளில் எழுதிய விடுதலைப் பத்திரத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் ஆவணம் இருக்காது. வழக்கப்படியான விவாகரத்தை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு ஏற்கிறதென்றாலும், அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் உண்டு என்பதை நிரூபிக்க வேண்டும். குடும்ப நல நீதிமன்றத்தில் மணநிலை இன்னதென்று அறிவிக்கும் விளம்புகைத் தீர்ப்பு வாங்கினால்தான் அலுவலகங்களில் கேள்வி ஓயும். முஸ்லிம் பெண்களின் குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து விஷயத்தில், தனியார் அமைப்பு தரும் சான்று செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது.

நகலுக்குப் போகும் நாளிலேயே இன்னொன்றையும் விசாரித்துவிடுங்கள். சாட்சியத்தின்போது ஆதாரமாகக் குறியீடு செய்து கொடுத்த அசல் திருமணப் பத்திரிகை, புகைப்படம், நகை ரசீது, குழந்தையின் பிறப்புச் சான்று எல்லாம் அந்தக் கட்டிலேயே இருக்கும். மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அசலைத் திரும்பக் கேட்டு மனு போடலாம். தீர்ப்பும் தீர்ப்பாணையும் நெடுங்காலம் வைக்கப்படும், மற்ற தாள்களை விதிப்படி காலக்கெடு முடிந்ததும் அழித்துவிடுவார்கள்.